ஓடிப்போக மூன்று ஆண்கள்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் வேனில் வெங்கட் பிரபுவின் ‘கோவா’ (2010) ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பச் சுற்றுலா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். என் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. விடியுமுன் எழுந்து நானும் அத்தையும் கிளறியது.

படத்தின் மூன்று இளைஞர்களும் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்கள்தான், பண்ணைப்புரத்துப் பையன்கள். கட்டுப்பெட்டியான ஊரிலிருந்து தப்பி, வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் கனவோடு கசினோக்களின் ஊரான கோவாவுக்கு ஓடுகிறார்கள். ஜெய், வைபவ், பிரேம்ஜி மூவரின் அசட்டுத்தனத்தை ரசிக்க முடிகிறது. ஓர்பால் இணையரைக் கதைக்குள் கொண்டுவந்த துணிச்சலும் படத்துக்கு உண்டு.

ஆனால் அந்த மூவரும் பெண்களாக இருந்தால்? பஞ்சாயத்து நகைச்சுவையாக இருக்காது. ஊர் தேடிப் புறப்படும், ‘மானம் போச்சு’ என்று கொதிக்கும். ஓடிப்போன ஆணுக்குத் திரும்பிவர ஒரு வீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாம் சிரிக்கிறோம்.

கோவாவில் சொந்தப் பணத்தோடும் அதிகாரத்தோடும் வாழும் ஒரு பெண்ணும் வருகிறாள்: சினேகா நடித்த சுகாசினி. அவளைப் படம் என்ன செய்கிறது? கல்யாணம் ஆனதும் கணவனை வதைக்கும் மனநோயாளியாக்குகிறது. சுதந்திரமான பெண்ணைக் கண்டு வரும் பயத்தை இப்படிச் சிரிப்பாக மாற்றிக்கொள்கிறது.

குடும்பமே சேர்ந்து போனாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. ‘வேகாஸ் வெகேஷன்’ (1997) என்ற ஹாலிவுட் படத்தில் சேமிப்பைச் சூதில் தொலைப்பவர் அப்பா. அவருடைய பொறுப்பின்மையே அங்கே நகைச்சுவை. அதையே அம்மா செய்திருந்தால் அது சோகப்படமாகியிருக்கும்.

எங்கள் ஊர்ப் பெண்கள் மலை தாண்டாதவர்கள் அல்லர். தேவாரம், போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரம் திரும்புகிறார்கள். அந்தப் பயணத்தை யாரும் சுற்றுலா என்று சொல்வதில்லை, படமாக எடுப்பதுமில்லை.

ஒரு வளைவில் வேன் நின்றது. அத்தை எதிர்மலையைக் காட்டினார். “முப்பது வருசம் அந்தப் பக்கம் காய் எடுக்கப் போனேன் தாயி. ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல.”

சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்லிக் குரல் வந்தது. “இருங்க, பாத்துட்டு வாரோம்” என்றேன். வேலையில்லாமல் நின்று பார்க்கும் உரிமையைப் பெண்கள் எப்போது எடுத்துக்கொள்வது?