விட்ட மீன் எத்தனை? பிழைத்த மீன் எத்தனை?

ஆற்றிலும் ஏரியிலும் மீன்குஞ்சு விடும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். எத்தனை இலட்சம் குஞ்சுகள் விடப்பட்டன என்பதை அச்செய்திகள் தவறாமல் கூறும். அடுத்த ஆண்டு அவற்றுள் எத்தனை உயிருடன் இருந்தன என்பதை அநேகமாகக் கூறுவதில்லை. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் ஆற்றில் குஞ்சு விடுதல் ஒரு பகுதி. நோக்கம் நல்லதே, அளவுகோல்தான் குறையுடையது. ஏன் என்று பார்ப்போம்.

மீன்குஞ்சு சந்திக்கும் முதல் கடுங்காலமே பெரும்பாலும் அதன் வாழ்வை முடிவு செய்கிறது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப்படுகையில் பைக்மின்னோ என்றொரு மீன் உண்டு. ஒரு காலத்தில் ஆறடி வரை வளர்ந்த இந்த இனம், 1967-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோடையில் பொரிக்கும் குஞ்சுகள் கிரீன் ஆற்றோடு மிதந்து சென்று, கரையோரத் தேங்குநீரில் ஒதுங்குகின்றன. குளிர்காலத்தில் இரை குறைவு. உடலில் சேர்த்த கொழுப்பைச் செலவிட்டே நாளைக் கழிக்க வேண்டும். சிறிய உடலில் சேமிப்பும் சிறிதன்றோ? மேலேயுள்ள பிளேமிங் கார்ஜ் அணையிலிருந்து மின் தேவைக்கேற்ப நீரைக் கூட்டியும் குறைத்தும் விட்டால், ஒதுங்கிய இடமும் நிலைப்பதில்லை. ஆகவேதான் ஆய்வாளர்கள் குளிருக்கு முன் குஞ்சுகளைக் கணக்கிட்டதோடு நிற்காமல், குளிர் கழிந்த பின்னும் கணக்கிட்டார்கள்.

நம் பக்கத்தில் இக்கணக்கு தலைகீழ். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்புகின்றன. மார்கழியில் நீருக்குப் பஞ்சமில்லை. இங்கே குஞ்சுகளுக்குச் சோதனைக் காலம் சித்திரை, வைகாசி. 10 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீனின் மூச்சுத் தேவையோ வெப்பத்தோடு உயரும். விரால் நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். கெண்டைக் குஞ்சுக்கு அவ்வசதி இல்லை. அதற்கு ஆழமான மடு வேண்டும், ஏரிக்கு ஏரி செல்லக் கால்வாய் வேண்டும். சாலையும் தொழிற்கூடமும் எழும்போது கால்வாய் தூர்ந்தால், குஞ்சு வற்றும் குட்டையில் சிக்கிக்கொள்ளும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டதை நினைத்துப் பாருங்கள்.

குஞ்சு பிழைத்தாலும் போதாது. அது அந்த நீருக்கு உரிய இனமா என்பதும் முக்கியம். காவிரிக்கு உரிய திமில் மகசீர் 2018-இல் 'மிகவும் ஆபத்தான நிலை' என வகைப்படுத்தப்பட்டது. ஆனால் அதே காவிரியில் விடப்பட்டவை லோணாவாலா பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகள். வந்த இனம் பெருகப் பெருக, சொந்த இனம் அருகியது.

எனவே அடுத்த முறை இலட்சக் கணக்கில் குஞ்சு விட்ட செய்தியைக் கண்டால் கேளுங்கள்: இந்த இனம் இந்நீருக்கு உரியதா? கோடையில் ஒதுங்க மடு இருக்கிறதா? ஆனி மாதத்தில் மீண்டும் வந்து எண்ணுவார்களா? விட்ட நாளின் எண் செலவுக் கணக்கே. கோடை கழிந்த பின் கிடைக்கும் எண்ணே வரவு.