லயத்து வாசலில் ஒரு பாட்டு

பண்டாரவளைப் பக்கத்து மாணவர்கள் பாட்டு வீடியோ எடுத்தால், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் அதில் வராமல் இருக்காது. 1921இல் திறந்த பாலம். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அழகு. அதனாலேயே அதில் கற்க ஒன்றுமில்லை. கற்க வேண்டுமானால் வீடியோவைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் போட்டுக் காட்ட வேண்டும்.

கொழுந்து பறிக்கும் அக்காமார் முதலில் பார்ப்பது, கொழுந்து பறிப்பவளாக நடிக்கும் நாயகியின் கையைத்தான். "என்ன புள்ள, முத்தல் இலையப் புடுங்குது? இடுப்புல படங்கும் காணோம்!" நாயகியின் கண்ணீர் அதற்கப்புறம் எடுபடாது. தாளம் பிசகினால் தப்படிக்கிற தாத்தா முகம் சுளிப்பார். மாசியில் காமன் கூத்தைச் சுற்றி நின்று பார்த்துப் பழகிய சனம். அந்தக் கூத்தில் வரும் ரதியின் அழுகையையே எடைபோட்ட கண்கள். லைக் எண்ணிக்கை இதையெல்லாம் சொல்லித் தராது.

"நல்லா இருக்கு தம்பி" என்பது உபசாரம், நம்ப வேண்டாம். எந்த இடத்தில் ஊர்ப்பேச்சு கிளம்பியது, எப்போது தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார்கள் என்று பாருங்கள். வெட்ட வேண்டிய இடம் அதுதான். அடுத்த பாட்டுக்குக் கெமராவைத் தூக்குமுன், மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒரு நாள் போய் நில்லுங்கள்.