குயவனும் மண்ணும்

கிறிஸ்தவருள் முன்குறித்தல் பற்றி நிகழ்ந்த வழக்கினை நம்மவர் எடுத்துப் பேசுமிடத்து ஒரு பிழை தொடர்ந்து நிகழக் காண்கின்றோம். சிலரை வீட்டிற்கும் சிலரை நரகிற்கும் உலகந் தோன்றுமுன்னரே கடவுள் குறித்துவிட்டார் என்பதே கிறிஸ்தவ மதம் எனக் கொண்டு, அதனை மறுத்து, வென்றோம் என்று அமைந்துவிடுகின்றனர். அஃது அவருள் ஒருசாரார் கொள்கையே. கிறிஸ்தவரே அதனை நம்மினுங் கடுமையாக மறுத்திருக்கின்றனர். பிறர் மதத்தை உள்ளவாறு எடுத்துக் கூறிப் பின்னர் மறுத்தலன்றோ சித்தியார் பரபக்கம் நமக்குக் காட்டிய நெறி?

தொலைவிற் செல்ல வேண்டா. நொய்யற்கரை மங்கலத்திற்கு மேற்கே, கோயம்புத்தூரில், 1830 முதல் இலண்டன் மிஷன் சங்கத்தார் சபை வளர்த்தனர். அவர் பெரும்பான்மையும் கால்வின் வழியினர். தென்கிழக்கே தாராபுரத்திலும், அப்பாற் கரூரிலும் வெஸ்லியன் மிஷனார் ஊழியஞ் செய்தனர். இவர்க்கு முதல்வராகிய யோவான் வெஸ்லி, 1739-இல் முன்குறித்தலை மறுத்துப் பிரசங்கம் வெளியிட்டு, அது காரணமாகத் தம் நண்பர் விட்பீல்டோடு மாறுபட்டவர். ஆகவே அருளைப்பற்றி முரணிய இரு மரபுகள் கொங்குநாட்டில் அடுத்தடுத்து நின்றன. 1947 செப்டம்பர் 27-இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில் இரண்டும் ஒன்றாயின. வேதாகமத்தையும் பழைய விசுவாசப் பிரமாணங்கள் இரண்டனையும் அடிப்படையாகக் கொண்ட அவ்விணைப்பு, இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறிற்றிலது. இதனை மழுப்பல் என்பாரும் உளர். யாம் அங்ஙனங் கருதிலேம். பன்னூறாண்டு முடியாத வழக்கைத் தம்மால் முடிந்ததாகக் காட்டாமை நேர்மையே.

முடியாமைக்குச் சான்று வேண்டுமேல், ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீனும் பெலாகியுவும் தொடங்கிய இவ்வாதம், சீர்திருத்தக்காரருள் 1618, 1619-ஆம் ஆண்டுகளில் தோர்த் நகரச் சங்கத்தில் மீளவும் எழுந்தது. மனிதன் விசுவாசிப்பான் என முன்னறிந்தே கடவுள் தெரிந்துகொள்கின்றார் என்ற அர்மீனியர் அங்குக் கண்டிக்கப்பட்டனர். உரோமைச் சபையிலோ, தொமினிக்கரும் இயேசு சபையாரும் இதன்பொருட்டு ஆண்டுக்கணக்கில் வாதிட, 1607-இல் ஐந்தாம் பவுல் என்னும் பாப்பரசர் எதனையும் முடிவு செய்யாமல், ஒருவரையொருவர் பழித்தலை விலக்கி அனுப்பிவிட்டார்.

வழக்கின் வேர், பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ள குயவன் உவமையாகும். ஒரே மண்ணினின்று உயர்ந்த கலமும் தாழ்ந்த கலமும் வனையக் குயவற்கு உரிமை உண்டு என்பது அதன் கருத்து. இவ்வுவமை நமக்குப் புதிதன்று. குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம் என்று சித்தாந்தம் பயில்வார் முதல்நாளிலேயே கற்பர். ஆயின் உயிர் எங்கே நிற்கின்றது என நோக்குக. பவுலடிகள் உவமையில் உயிர் மண்ணும் கலமுமாம். நம் உவமையில் மண் மாயை. கலம் உடலும் உலகும். உயிர் அக்கலத்தைக் கொண்டு பயன்பெறுவது. விசைத்தறி ஓயாத மங்கலத்தில், நூல் மாயை, ஆடை உடம்பு, நெய்வோன் இறைவன், உடுப்பவன் உயிர் என்றால் எளிதின் விளங்கும்.

இவ்வொரு மாற்றத்தால் விளைவது பெரிது. உயிரைப் படைத்தவன் இறைவனாயின், அது கெடுதற்குரிய குறையும் அவன்மேற் சாரும். கால்வினும் தாம் கூறும் ஆணை அஞ்சத்தக்கது என்பதை மறைத்தாரல்லர். உயிரும் ஆணவமும் அநாதி என்னும் நமக்கு அக்குற்றம் இல்லை. இதுவரை நம்மவர் கூற்று வலியுடையதே.

இனித்தான் நாம் தயங்கவேண்டிய இடம் வருகின்றது. மலபரிபாகமும் இருவினையொப்பும் வந்தவழிச் சத்திநிபாதம் நிகழும் என்கின்றோம். அப்பரிபாகத்தைத் தருவது யாது? உயிரின் முயற்சியே எனின், வெயிலிற் செல்வார் மரநிழலை நாடுமாறு உயிர் தானே சென்று விகாரமற்ற இறைவனைச் சாரும் என்ற ஈசுவர அவிகாரவாதியின் மதமாம். 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் உமாபதிசிவம் அதனை மறுத்தார். ஐரோப்பாவிற் பெலாகியு நின்றதும் ஏறக்குறைய அவ்விடத்தேயாம். ஆதலின் பரிபாகமும் திரோதான சத்தி மறைந்து நின்று செய்வது என்கின்றோம். மனிதன் தேடுமுன்னரே எல்லாரிடத்தும் ஓர் அருள் முந்திச் செல்லும் என்ற வெஸ்லியின் கொள்கை இதற்கு அணித்தாகத் தோன்றும். ஆனால் அவ்வருளை ஏற்பதும் தள்ளுவதும் அவர்க்கு ஒரே பிறவியில் முடியவேண்டும். அவர் வழக்கு அத்துணைக் கூர்மை எய்தியது அதனாலேயே என்பது எம் துணிபு. நமக்கோ பிறவிகள் பல. மந்ததரம் முதல் தீவிரதரம் வரை அருட்பதிவும் நால்வகை. பிற்பட்ட உயிர் தள்ளப்பட்ட உயிரன்று.

அற்றேல், யாவும் அநாதியே கட்டுண்டிருக்க, ஓருயிர் முன்னும் ஓருயிர் பின்னும் பக்குவமடைவது என்னை? ஆணவம் ஒன்றாயினும் அதன் சத்திகள் பலவாய் உயிர்தோறும் வெவ்வேறாகப் பற்றித் தத்தங் காலத்து நீங்கும் என்பது நம் நூல்களின் விடை. அக்காலத்தை வேறுபடுத்தியது யாது என அர்மீனியர் ஒருவர் மேலும் வினவுவாராயின், நம் மேடைகளில் இதுகாறும் யாம் கேட்ட மறுப்புரைகளுள் அதற்கு விடையாவது ஒன்றும் இல்லை.