முகாம் கடிதங்களை எவ்வளவு நம்பலாம்?

ஆவடி, பட்டாபிராம் பக்கத்து ராணுவக் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் பழைய கடிதக் கட்டுகள் உண்டு. அனுப்புநர் முகவரியில் ஊர்ப்பெயர் இருக்காது. படைப்பிரிவும் '56 ஏ.பி.ஓ.' (ராணுவ அஞ்சலகம்) என்ற குறிப்பும் மட்டும். லடாக்கானாலும் ராஜஸ்தானானாலும் அதே முகவரிதான். இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?

முதல் உலகப் போர்க் கடிதங்கள் இதற்கு நல்ல பாடம். 1914-இல் பிரான்ஸில் இறங்கிய இந்திய வீரர்களின் தபால்களை பூலோன் நகரில் ஹோவெல் என்ற அதிகாரியின் தணிக்கைக் குழு படித்தது. அது ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த பகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. டேவிட் ஒமிசி 1999-இல் ஒரு தேர்ந்த தொகுப்பு வெளியிட்டார். குளிர், சோறு, தங்க இடம் தந்த பிரெஞ்சுக் கிழவிகளின் பாசம், அங்கே பெண்கள் படித்திருப்பதைக் கண்டு நம் பெண்களையும் படிக்கவையுங்கள் என்ற வேண்டுகோள்: எந்தத் தளபதியின் அறிக்கையிலும் இவை கிடைக்காது.

குறைகளும் சிறியவை அல்ல. எழுதத் தெரியாதவருக்கு வேறொருவர் எழுதினார். ஊரில் இன்னொருவர் உரக்கப் படித்தார். இத்தனை காதுகளுக்கு முன்னால் மனம் திறக்க யாரால் முடியும்? தணிக்கை உண்டென்று தெரிந்தவர்கள் இந்தியரைக் கறுப்பு மிளகு, வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்று மறைத்து எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்றால் வீட்டாருக்குப் புரியும். என் பார்வையில் அந்த மறைப்பே மிக வலுவான சாட்சியம். ஆனால் அதிகாரி குறித்துவைக்கத் தக்கது என்று கருதியதுதான் எஞ்சியது. சாதாரணக் கடிதம் போயே போயிற்று. பெரும்பாலானவை பஞ்சாப், வடமேற்கு வீரர்களுடையவை என்பதால் தமிழ்க் குரலை அங்கே தேடி ஏமாறுகிறோம். தமிழர் இடம்பெற்ற மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் அந்தப் போரில் மெசபடோமியாவில் போரிட்டவர்கள்தானே!

தணிக்கையாளர் இல்லாத மௌனமும் உண்டு. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் கடிதத்தில் காய்ச்சலையும் நண்பனின் சாவையும் மகன் அம்மாவிடம் சொல்லமாட்டான். அதைப் பொய் என்று தள்ளுவது அநியாயம். அப்படியே நம்புவதும் தவறு.

என்னை அதிகம் வருத்துவது மறுபாதியின் இழப்பு. ஊர் ஊராக மாறும் வீரர், மனைவி எழுதிய பதில்களை எத்தனை நாள் சுமப்பார்? கடன், குழந்தையின் படிப்பு, மாமியாரின் உடல்நிலை என்று அவள் தனியே தாங்கியதெல்லாம் அவற்றில்தான் இருந்தன. அவர் கடிதத்தில் 'நீ கேட்டபடி' என்று வரும் இடங்களைத் தொகுத்தால் அவள் கேட்டது ஓரளவு தெரியவரும். கட்டைப் பிரிப்பவர்கள் தபால் முத்திரை விழுந்த பக்கத்தையும் படமெடுத்துவைக்க வேண்டும். எழுதாமல் விட்ட ஊரைத் தேட அந்த முத்திரையில் உள்ள கள அஞ்சலக எண் உதவும்.