உறைகட்டியை உறிஞ்சும் குழல்

மாரடைப்பில் இதயத் தமனியை அடைத்து நிற்கும் இரத்த உறைகட்டியை வெளியே எடுக்க, மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே செலுத்தப்படும் உறிஞ்சுகுழல், மின்சாரம் ஏதுமின்றி, இழுத்துப் பூட்டிய ஒரு சிரிஞ்சின் வெற்றிடத்தால் மட்டுமே இயங்குவது வியக்கத்தக்கது. அதன் ஒரு துளை, முன்பே அடைப்பைக் கடந்து சென்ற வழிகாட்டிக் கம்பியின் மேல் வழுக்கிச் செல்ல, மற்றொரு துளை கட்டியை உள்ளிழுக்கிறது. அடைப்பை எட்டுமுன்பே உறிஞ்சத் தொடங்கி, மெல்ல முன்னேறி, குழல் உடலைவிட்டு முற்றிலும் வெளிவரும்வரை வெற்றிடத்தைத் தளரவிடாமல் காப்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் இருக்கிறது. தளர்ந்தால், நுனியில் ஒட்டிய துணுக்கு மகாதமனியில் நழுவி, மூளையை அடைந்து பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். எடுத்த இரத்தத்தை வலைவடிகட்டியில் ஊற்றும்போது, சிவப்பணுக்கள் மிகுந்த செந்நிறத் துணுக்குகளும் தட்டணுக்கள் மிகுந்த வெண்ணிறத் துணுக்குகளும் எஞ்சுகின்றன.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து 2008இல் வெளியான டாப்பாஸ் ஆய்வு இம்முறைக்குப் பெரும் நம்பிக்கையூட்டிய போதிலும், 2013இல் வெளியான டேஸ்ட் ஆய்வும், 10,000க்கும் மேற்பட்டோரை உட்படுத்தி 2015இல் வெளியான டோட்டல் ஆய்வும், எல்லோருக்கும் வழக்கமாக உறிஞ்சுவதால் இறப்பு குறையவில்லை என்று காட்டின. பின்னதில் பக்கவாதமும் சற்றே கூடியிருந்தது. ஆகவே, பெருங்கட்டி அடைத்த தமனிகளுக்கே மருத்துவர்கள் இன்று இக்குழலைத் தேர்ந்தெடுக்கின்றனர். அளவறிந்த இப்பயன்பாடு அக்கருவியின் மதிப்பைக் குறைத்துவிடவில்லை.