தேய்ந்த படிக்கல்

பக்கத்து வீட்டு மாமியின் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி ப்ளக் பாயின்ட்டில் மீட்டரைச் செருகிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "264 வருதும்மா. இந்த வோல்டேஜ்ல கம்ப்ரசர் நிக்காது. மொதல்ல ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க." மாமி அன்று மாலையே வாங்கிவிட்டார். மறுநாள் தெரிந்தது, போயிருந்தது தெர்மோஸ்டாட்.

எனக்கு உறுத்தியது அந்த 264. நம் வீட்டு லைன் 230 வோல்ட். ஆறு சதவீதம் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. தெருவில் வேறு யார் வீட்டிலும் பல்பு போகவில்லை, மின்விசிறி கத்தவில்லை. என் மீட்டரை எடுத்துப் போய் அதே பாயின்ட்டில் வைத்தேன். 239. தம்பியின் மீட்டரைப் பக்கத்தில் வைத்தால் இன்னமும் 264. "சார், உங்களுது பழசு" என்றார். பழசுதான். ஆனால் பின்மூடியைக் கழற்றி அவருடைய 9 வோல்ட் பேட்டரியை அளந்தபோது 6.1 இருந்தது. புது பேட்டரி போட்டோம். 264 இறங்கி 239-க்கு வந்து நின்றது.

அவர் வைத்திருந்தது டிடி-830டி. பெயர் தெரியாவிட்டாலும் பார்த்தால் தெரியும்: மஞ்சள் அல்லது கறுப்பு உடம்பு, நடுவில் வட்டத் திருகி, கீழே மூன்று துளை. சென்னை ரிச்சி தெருவில் பிளாட்பாரத்திலேயே குவித்து வைத்திருப்பார்கள். ஐடிஐ மாணவர் பையிலும் பைக் மெக்கானிக் டப்பாவிலும் கிடப்பது இதுதான். என்னிடமும் ஒன்று பரணில் இருந்தது. அதை இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கே ஒதுக்கினேன்.

பேட்டரியை எடுத்துவிட்டு, அதன் கிளிப்பில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பவர் சப்ளையைக் கொடுத்தேன். அளப்பதற்கு, ஏடி584 என்ற சிப் வைத்த சின்ன போர்டு. அது அசையாமல் 10 வோல்ட் தரும். சப்ளை 9 வோல்ட்டில் இருக்கும்போது மீட்டர் 10.01 காட்டியது. எட்டுக்கு இறக்கினேன், 10.01. ஏழரையிலும் அதேதான். ஏழில் 10.03. இதுவரை மெச்சத்தான் வேண்டும், இந்த விலைக்கு இது பெரிய விஷயம். ஆறரைக்கு வந்ததும் 10.4. ஆறில் 11.3. ஐந்தரையில் 12.3! அசையாத பத்து வோல்ட்டை மீட்டர் பன்னிரண்டுக்கு மேல் சொல்கிறது. திரையில் எழுத்து துளியும் மங்கவில்லை. கடைசி இலக்கம்கூடத் துள்ளவில்லை. ஆடியிருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும்.

காரணம் உள்ளே இருக்கும் சிப். இந்த வகை மீட்டர்கள் பெரும்பாலும் இன்டர்சில் நிறுவனத்தின் ஐசிஎல்7106 வழிவந்தவை; மலிவுப் பதிப்பில் போர்டின் மேல் கறுப்புத் தார்ச்சொட்டு மாதிரி ஒட்டியிருப்பது அதன் வாரிசுதான். அது எதையும் நேராக அளப்பதில்லை. வரும் வோல்ட்டைத் தன்னிடமுள்ள ஒரு அளவு வோல்ட்டோடு ஒப்பிட்டு, எத்தனை பங்கு என்று எண்ணிச் சொல்கிறது. மளிகைக் கடைத் தராசுதான், வேறொன்றுமில்லை. படிக்கல்லாக இருப்பது சிப்புக்குள் ஏறத்தாழ 2.8 வோல்ட்டில் நிற்கும் ஒரு முனை. அதிலிருந்து 100 மில்லிவோல்ட் வகுத்து எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 2.8 நிலையாக நிற்பதற்கு உள்ளே ஒரு ஜீனர் வேலை செய்ய வேண்டும், ஜீனர் வேலை செய்ய 7 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே பேட்டரி இறங்க இறங்கப் படிக்கல் தேய்கிறது. படிக்கல் தேய்ந்தால் சரக்கு கூடத்தானே காட்டும்? பேட்டரி செத்தால் மீட்டர் கம்மியாகக் காட்டும் என்று நம்மில் பலரும் நினைத்திருப்போம். கதை தலைகீழ். பூஜ்யம் மட்டும் எப்போதும் பூஜ்யம்தான். பிழை சரக்கின் அளவுக்கு ஏற்ப ஏறுகிறது.

இதைவிட வேடிக்கை ஓம்ஸ் ரேஞ்ச். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து சப்ளையை ஐந்தரைக்கு இறக்கியும் எண் நகரவே இல்லை. அங்கே மீட்டர் தெரிந்த ரெசிஸ்டரையும் தெரியாத ரெசிஸ்டரையும் ஒரே கரன்ட்டில் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது, படிக்கல்லே தேவையில்லை. நாம் மீட்டரைக் கையில் எடுத்ததும் செய்வது என்ன? ப்ரோப் இரண்டையும் தொட வைத்து, கீச்சென்று சத்தம் வருகிறதா, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிறோம். "மீட்டர் நல்லாருக்கு" என்கிறோம். வோல்ட்டில் பத்து சதவீதம் புளுகும் மீட்டர் இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும்.

பழைய முள் மீட்டர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் வோல்ட் பார்க்கப் பேட்டரியே வேண்டாம், முள்ளைத் தள்ளுவது அளக்கும் கரன்ட்தான். பேட்டரி ஓம்ஸுக்கு மட்டும். அது சோர்ந்தால் ப்ரோப்பைத் தொட வைக்கும்போது முள் பூஜ்யத்துக்கு எட்டாது, குமிழை எவ்வளவு திருகினாலும் எட்டாது. தன் வாயாலேயே சொல்லிவிடும்.

டிஜிட்டலில் சொல்ல ஒரு பேட்டரிப் படம் உண்டே என்பீர்கள். உண்டு. என் மீட்டரில் 6.9-க்கு வந்ததும் எட்டிப் பார்த்தது, சரியான இடம். தம்பியுடையதில் ஐந்து வரை இறக்கிப் பார்த்தோம், வரவில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே, படத்தை எரிய வைக்கும் டிரான்சிஸ்டர் இருக்க வேண்டிய இடம் அவருடையதில் காலியாகக் கிடந்தது.

காலியிடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன திருகு இருக்கும், அளவைச் சரிசெய்யும் ப்ரீசெட். கைவைக்காதீர்கள். மீட்டர் கூடக் காட்டுகிறதே என்று, செத்த பேட்டரியோடு இதைத் திருகிச் சரிக்கட்டிய ஒருவர் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் புது பேட்டரி போட்டார். நல்ல 12 வோல்ட் பேட்டரிகளையெல்லாம் பத்தே முக்கால் என்று சொல்லி ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் நான்தான், பல வருஷங்களுக்கு முன்பு.

தானே அணையும் வசதி இந்த மீட்டரில் கிடையாது. ஆஃப் செய்ய மறந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் சாதா பேட்டரி காலி. பேட்டரி மாற்றத் தனிக் கதவும் இல்லை, பின்னால் இரண்டு ஸ்க்ரூ கழற்ற வேண்டும். அதனாலேயே யாரும் மாற்றுவதில்லை. ரீசார்ஜ் பேட்டரி போடலாமா என்றால், 7.2 வோல்ட் என்று போட்டிருக்கும் வகை வேண்டாம். பாதி நாள் அது விளிம்பிலேயே நடக்கும். பேக்லைட் உள்ள மீட்டர் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது: ஏதாவது அளந்துகொண்டிருக்கும்போது விளக்கைப் போடுங்கள், எண் நகர்ந்தால் பேட்டரிக்கு நாள் நெருங்கிவிட்டது.

வாங்கலாமா? வாங்கலாம். நல்ல பேட்டரியில் இது பொய் சொல்வதில்லை. ஆனால் கூட வரும் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அல்கலைன் போடுங்கள், மூடிக்குள் தேதி எழுதி வையுங்கள். த்ரீ பேஸ் பேனலுக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். 10 ஆம்பியர் துளையில் ஃப்யூஸ் கிடையாது, திருகியில் 750 என்று அச்சடித்திருப்பதை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது. அன்றாடச் சோதனைக்குப் பையில் ஒரு புது அல்கலைன் பென்சில் செல் போதும். புதுசு 1.6 சொச்சம் காட்டும். 1.75 என்று காட்டினால் செல்லைப் பாராட்டாதீர்கள், மீட்டரைத் திறங்கள்.

தம்பி இப்போது பென்சில் செல்லோடுதான் வருகிறார். மாமியின் ஸ்டெபிலைசரைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருக்கிறது. அதிலும் ஒரு டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது, 241 காட்டுகிறது. மாமி அதைத்தான் நம்புகிறார்.