மன்ஸூரின் துலிப்: பருவத்தை எழுதிய தூரிகை

இஸ்லாமியக் கலையில் பூ என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிவாசல் சுவர்களிலும் மிஹ்ராபின் விளிம்புகளிலும் படரும் கொடிவேலைப்பாடே. அந்தப் பூவுக்குப் பருவமில்லை. அது அரும்புவதுமில்லை, வாடுவதுமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வசந்தத்தின் பூவை அந்த வசந்தத்திலேயே கண்டு எழுதிய ஓவியர் ஒருவரும் நம் மரபில் இருந்தார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் விளங்கிய உஸ்தாத் மன்ஸூரே அவர்.

1620ஆம் ஆண்டு வசந்தத்தில் ஜஹாங்கீர் காஷ்மீரில் தங்கியிருந்தார். அங்குள்ள மலர்கள் எண்ணிலடங்காதவை என்றும், ‘நாதிருல் அஸ்ர்’ எனத் தாம் பட்டமளித்த மன்ஸூர் தீட்டியவை மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை என்றும் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அவற்றுள் நமக்கு எஞ்சியவை மிகச் சிலவே. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்தின் ஹபீப்கஞ்ச் தொகுப்பிலுள்ள செந்நிறத் துலிப் அவற்றுள் தலையாயது.

முகலாய ஓவியமும் நீர்வண்ணமே. எனினும் தாளின் வெண்மையை ஒளியாக விட்டுவைக்கும் இன்றைய முறையன்று அது. அரைத்த வண்ணத்தைப் பிசினும் நீரும் சேர்த்துக் குழைத்து, ஒட்டி மெருகேற்றிய தாளின்மீது, அணில்மயிர்த் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசுவர். ஓர் அடுக்கு உலர்ந்த பின்னரே அடுத்தது. இவ்வேலை பொறுமையைக் கேட்கிறது. பூவோ சில நாட்களில் உதிர்ந்துவிடுகிறது. விரைந்து மறையும் ஒன்றை மெதுவான கலையால் பிடித்தமையே மன்ஸூரின் வெற்றி என்று நாம் கருதுகிறோம். தாவரவியலார் இது எவ்வகைத் துலிப் என ஆராய முற்படும் அளவுக்கு அவர் பார்வை துல்லியமாயிருந்தது.

குறையும் உண்டு. ஐரோப்பிய அச்சுத் தாவர நூல்களின் பாணியில், செடி தன் மண்ணை விட்டுத் தனித்து நிற்கிறது. பருவம் அகப்பட்டது, நிலம் அகப்படவில்லை.

பின்வந்தோர் பருவத்தையும் கைவிட்டனர். ஷாஜஹான் காலத்தில் பூ ஏட்டின் ஓரங்களுக்கும் சலவைக்கல்லுக்கும் இடம்பெயர்ந்தது. தாஜ்மஹாலின் சுவரடியில் செதுக்கப்பட்ட செடிகள் பேரழகு வாய்ந்தவை. ஆயினும் இன்ன செடி என்று துணிந்து கூறவியலாத கற்பனைக் கலவைகளும் அவற்றுள் பல. அங்கே பூ அலங்காரமாகிவிட்டது. மழையால் செழித்த பயிர் மஞ்சளித்துச் சருகாவதை இவ்வுலக வாழ்வுக்கு உவமையாக்குகிறது திருக்குர்ஆன் (57:20). வாடுதலும் ஓர் அத்தாட்சியே என்றால், வாடாத பூ அந்தப் பாடத்தில் பாதியை மறைத்துவிடுகிறதல்லவா?

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். மன்ஸூர் பறவைகளையும் விலங்குகளையும் தீட்டியவர் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுள்ள இந்த வாசலையும் நம் வீடுகள் பலவற்றில் நாமே அடைத்து, பிள்ளைகளின் கையிலிருந்து வண்ணப்பெட்டியையே வாங்கி வைத்துவிட்டோம்.

இனி அப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் எதை வரைவர்? நாட்காட்டியில் அச்சான ரோஜாவையெனில் பயனில்லை. துலிப்புக்காகக் காஷ்மீர் செல்லவும் வேண்டா. புதுச்சேரியின் வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டு தன் பெயரிலேயே ஒரு மரத்தைத் தாங்கி நிற்கிறது. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று நாம் இகழ்ந்த மரம் அது. வேனில் தொடங்கும்போது இலையெல்லாம் உதிர்த்து, வெறுங்கிளையின் நுனியில் சிறுசிறு பூங்கொத்துகளைத் தாங்கும். இலை வருவது பின்னரே. மன்ஸூர் விட்டுச்சென்ற குறையையும் இங்கு நிறைவு செய்யலாம்: மரத்தோடு அது நிற்கும் வரப்பையும் மண்ணையும் சேர்த்து எழுதலாம். பங்குனியில் ஒருமுறை, மழைக்குப்பின் கார்த்திகையில் ஒருமுறை என அதே மரத்தை இருமுறை வரையும் பிள்ளை, அத்தாட்சிகளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்.